ஃபர்னஸ் வாங்க முதல் அக்கா சொல்வதைக் கேள்

தங்கச்சி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் வடிவாகப் பார்த்தேன். ஒன்றில் 96 சதவீதம், மற்றதில் 97, கடைசியில் 98. சதவீதம் ஏற ஏற விலையும் ஏறிக்கொண்டு போகிறது. "அக்கா, இதில எது நல்லது?" என்று கேட்டிருக்கிறாய். அந்த மூன்று காகிதத்தையும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

முதலில் இந்தச் சதவீதக் கதையை முடித்துவிடுவோம். கனடாவில் 2019 ஜூலை 3இலிருந்து தயாராகும் வீட்டு கேஸ் ஃபர்னஸ் குறைந்தது 95 சதவீதத் திறன் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதற்கு முன் 2009 முடிவிலிருந்து 90 ஆக இருந்தது. ஆகவே இன்று ஸ்காபரோவில் யாரிடம் போய்க் கேட்டாலும் 'ஹை எபிஷியன்ஸி' ஃபர்னஸ்தான் கிடைக்கும். அதைத் தனிச் சிறப்பாகச் சொல்லிக் கூடுதல் காசு கேட்பது, உப்புப் போட்ட கறி என்று தனி விலை வைப்பது மாதிரி. யூடியூப்பில் அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு 80 சதவீத ஃபர்னஸ் மலிவாக இருக்கிறதே என்றும் கேட்காதே. அங்கே அது இன்னும் விற்பனையில் இருக்கிறது. இங்கே இல்லை.

சதவீதம் என்பது, நீ காசு கொடுத்து எரிக்கிற கேஸில் வருடம் முழுக்க எவ்வளவு சூடு வீட்டுக்குள் வருகிறது என்ற கணக்கு. 96 என்றால் 100 டொலர் கேஸில் 96 டொலருக்கான சூடு உனக்கு, 4 டொலர் குழாயால் வெளியே. இனி உன் வீட்டுக் கணக்கைப் பார். இப்போது கிடக்கிற பழைய ஃபர்னஸ் 80 சதவீதம் என்றும், வருடத்துக்கு 2,000 கன மீட்டர் கேஸ் குடிக்கிறது என்றும் வைத்துக்கொள். 96க்கு மாறினால் அதே சூட்டுக்கு ஏறக்குறைய 1,667 போதும், 333 கன மீட்டர் மிச்சம். அதற்கு மேல் 98க்குப் போனால் இன்னும் எவ்வளவு மிச்சமாகும் தெரியுமா? வெறும் 34. கன மீட்டருக்கு எல்லாம் சேர்த்து 40 சதம் என்று கணக்குக்கு வைத்தால், பழையதிலிருந்து 96க்கு வருவதில் வருடத்துக்கு 133 டொலர் மிச்சம். 96இலிருந்து 98க்கு ஏறுவதில் 14 டொலர்கூட இல்லை. அந்த 98க்காரன் கூடுதலாகக் கேட்கிற காசை 14ஆல் பிரித்துப் பார். எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று உனக்கே விளங்கும்.

40 சதம் என்பது நான் உதாரணத்துக்குப் போட்டது. உன் பில்லை எடுத்து உன் எண்ணைப் போடு. பில்லில் மாதாமாதம் வருகிற நிலையான கட்டணத்தைச் சேர்க்காதே. எந்த ஃபர்னஸ் வைத்தாலும் அது குறையாது. யாராவது பழைய சேமிப்பு அட்டவணையை நீட்டினால் அதில் கார்பன் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டு கேஸ் பில்லில் அது இல்லை. ஃபர்னஸ் மட்டும் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஜூலை பில்லில் இருக்கிற கேஸ் முழுக்கச் சுடுதண்ணிக்கும் அடுப்புக்கும் போனது. அதைப் பன்னிரண்டால் பெருக்கி வருட மொத்தத்திலிருந்து கழித்துவிடு. மிச்சம் ஃபர்னஸ் கணக்கு.

ஆக, சதவீதத்துக்குக் காசைக் கொட்டாதே. அந்தக் காசைச் சரியான அளவுக்கும், சரியாகப் பொருத்துகிற ஆளுக்கும் வை. நான் இனிச் சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பேஸ்மெண்டுக்குப் போய் ஒரு படம் எடு

ஃபர்னஸின் முன்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மூடி சும்மா கொளுவியிருக்கும், மேலே தூக்கி முன்னுக்கு இழுத்தால் வந்துவிடும். அதற்கு முன் பக்கத்தில் இருக்கிற சுவிட்சை நிற்பாட்டு. தூசியைத் துடைத்துவிட்டு போனில் ஒரு படம் எடு. மொடல் எண்ணும் சீரியல் எண்ணும், இன்புட், அவுட்புட் என்று இரண்டு பி.டி.யு. எண்களும் இருக்கும். பி.டி.யு. என்பது சூட்டின் அளவு, இங்கே ஒரு மணி நேரத்துக்கு. இன்புட் 100,000, அவுட்புட் 80,000 என்றிருந்தால், எரிப்பது ஒரு லட்சம், வீட்டுக்கு வருவது எண்பதாயிரம். இந்த இரண்டாவது எண்தான் உனக்கு முக்கியம்.

அதே நேரம் மேலே நிமிர்ந்து பார். புகை போகும் குழாய் தகரமா, பிளாஸ்டிக்கா? தகரக் குழாய் சிம்னிக்குள் போனால் அது பழைய நடுத்தர ரகம். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் பக்கச் சுவரால் வெளியே போனால் அது ஏற்கெனவே ஹை எபிஷியன்ஸி. இது ஏன் முக்கியம் என்றால், தகரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறும்போதுதான் கொட்டேஷனில் எழுதாத செலவுகள் முளைக்கும்.

கேஸ் எரியும்போது நீராவி உண்டாகும். பழைய ஃபர்னஸ் அந்த ஆவியைச் சூட்டோடேயே சிம்னியால் அனுப்பிவிடும். புதியதில், நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் இரண்டாவதாக ஒன்றும் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்தது. அதற்குள் போகிற புகை குளிர்ந்து, ஆவி தண்ணீராக மாறும்போது விடுகிற சூட்டையும் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளும். 80க்கும் 95க்கும் இடையில் கிடைக்கிற இலாபத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான். வெளியே போகிற புகை அவ்வளவு சூடாக இராது. அதனால்தான் பிளாஸ்டிக் குழாய் தாங்குகிறது. ஆனால் இங்கே கண்ட பிவிசி குழாயையும் வைக்க முடியாது. புகைக்கென்றே சான்றிதழ் பெற்ற, 636 என்று அச்சிட்ட குழாய்தான் வைக்க வேண்டும். பொருத்தி முடிந்ததும் குழாயில் அந்த எண் இருக்கிறதா என்று பார்.

பிரிந்த தண்ணீர் எங்கே போகும்? கடுங்குளிர் நாளில் ஒரு வாளி அளவுக்கு வரும். அமிலத்தன்மை உள்ள தண்ணீர். பக்கத்தில் தரை வடிகால் இருந்தால் ஒரு சின்னக் குழாயோடு காரியம் முடிந்தது. இல்லாவிட்டால் ஒரு சின்ன பம்ப் வைத்துத் தள்ள வேண்டும். அந்த பம்ப் யார் கணக்கில்? கேட்டு எழுதி வாங்கு.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உன் வீட்டில் ஃபர்னஸும் சுடுதண்ணித் தாங்கியும் ஒரே சிம்னியில் புகை விட்டுக்கொண்டிருக்கக் கூடும். ஃபர்னஸ் அந்த இடத்தை விட்டுப் போனதும், அந்தப் பெரிய சிம்னிக்குள் தாங்கியின் மெல்லிய புகை மட்டும் தனித்துவிடும். மேலே ஏறப் போதிய சூடு இராது. சிம்னிச் சுவரில் ஈரம் பிடிக்கும், சில நேரம் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதில் கார்பன் மொனாக்சைட் இருந்தால் விளையாட்டில்லை. சிம்னிக்குள் அளவான ஓர் உலோகக் குழாய் இறக்குவது இதற்குரிய வழி. மூன்று கொட்டேஷனில் ஒன்றிலாவது 'சிம்னி லைனர்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மூவரிடமும் கேள். "அதெல்லாம் தேவையில்லை அக்கா" என்று பார்க்காமலே சொல்கிற ஆளை அங்கேயே கழித்துவிடு.

அளவு

இனித்தான் பெரிய விஷயம். பழையது ஒரு லட்சம் என்றால் புதியதும் ஒரு லட்சம் போடுவோம் என்று சொல்வார்கள். "கூட இருந்தா நல்லதுதானே, கெதியாச் சூடாகும்" என்பார்கள். நம் ஆட்களுக்கு இது நன்றாக எடுபடும். எதிலும் பெரியது வாங்கித்தானே பழக்கம். ஃபர்னஸில் மட்டும் பெரியது கூடாது.

அளவுக்கு மிஞ்சிய ஃபர்னஸ் பத்து நிமிடம் குமுறி எரிந்து, தெர்மோஸ்டாட் இருக்கிற கீழ்த்தளத்தைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். மேல் அறைகளுக்குச் சூடு போய்ச் சேர முன்னமே கதை முடிந்துவிடும். பிள்ளைகளின் அறை விறைக்கும், ஹோலில் வியர்க்கும். திரும்பத் திரும்பப் பற்றி அணைவதால் பற்றவைக்கிற பாகம் கெதியாகத் தேயும். காற்றுக் குழாய்களுக்குள் சத்தமும் கூடும். சரியான அளவு ஃபர்னஸ் என்றால், நகரத்தின் மிகக் குளிரான இரவில் கிட்டத்தட்ட நிற்காமலே ஓட வேண்டும். அதைப் பார்த்துப் பயப்படாதே. அப்படி ஓடுவதுதான் சரி.

ஒழுங்கான முறை, வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடுவது. சுவர், ஜன்னல், அட்டிக் இன்சுலேஷன் எல்லாவற்றையும் அளந்து, ரொறன்ரோவில் மைனஸ் 18, மைனஸ் 20க்கு வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்ப்பார்கள். கனடாவில் இதற்கான தரநிலையின் பெயர் சிஎஸ்ஏ எஃப்280. "எஃப்280 கணக்குச் செய்து தருவீங்களோ?" என்று போனிலேயே கேள். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

செய்து தராவிட்டாலும் நீயே ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். மைனஸ் 18 பக்கம் போகிற ஓர் இரவில், தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்காமல் ஒரே எண்ணில் வைத்துவிட்டு, பேஸ்மெண்டில் ஒரு மணி நேரம் இருந்து பார். மொத்தம் எத்தனை நிமிடம் நெருப்பு எரிகிறது என்று குறித்துக்கொள். காற்றாடி ஓடுகிற நேரத்தை எடுக்காதே, நெருப்பு மட்டும். அவுட்புட் 80,000 உள்ள ஃபர்னஸ் அந்த மணித்தியாலத்தில் 30 நிமிடம் எரிந்தால், வீட்டுக்குத் தேவை 40,000. உனக்கு விற்கப் பார்ப்பது 100,000 இன்புட், 96 சதவீதம் என்றால், அது 96,000 அவுட்புட். தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல்! 60,000 மொடல் 57,600 தரும், அதுவே தாராளம். 40,000 மொடல் 38,400தான் தரும், அது கொஞ்சம் இறுக்கம். ஒரு இரவோடு விடாமல் இன்னொரு குளிர் இரவிலும் பார்த்தால் எண் உறுதியாகும்.

இதற்கு முதல் அட்டிக்கில் இன்சுலேஷன் எவ்வளவு கிடக்கிறது என்றும் எட்டிப் பார். அடுத்த வருடம் அதைக் கூட்டுகிற யோசனை இருந்தால் அதை முதலில் செய். பிறகு அளந்தால் இன்னும் சின்ன ஃபர்னஸ் போதுமாக இருக்கும்.

காற்றுக் குழாய் பற்றியும் ஒரு வரி. பழைய வீடுகளில் குழாய்கள் ஒடுக்கம். பெரிய ஃபர்னஸின் காற்றை அவை தாங்காவிட்டால் உள்ளே சூடு தேங்கி, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைத்துவிடும். நல்ல ரெக்னீஷியன் வேலை முடிந்ததும் உள்ளே போகிற காற்று, வெளியே வருகிற காற்று இரண்டிலும் வெப்பமானி செருகி, வித்தியாசம் தகட்டில் எழுதிய எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். நீ பக்கத்தில் நின்று அந்த எண்ணைக் கேள்.

எந்த ரகம், எந்தப் பெயர்

சிங்கிள் ஸ்டேஜ் என்றால் எரிந்தால் முழுக்க எரியும், இல்லாவிட்டால் அணையும். டூ ஸ்டேஜ் சாதாரண குளிருக்கு மெல்லிய நெருப்பிலும், கடுங்குளிருக்கு முழு நெருப்பிலும் எரியும். மொடுலேட்டிங் என்பது நெருப்பைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குறைப்பது. விலை அதிகம், பழுதானால் அதன் போர்டும் வால்வும் விலை அதிகம். என் அபிப்பிராயம்: அளவு சரியாக இருந்தால் சிங்கிள் ஸ்டேஜே போதும். மேல்மாடி அறைகள் குளிர்கிற வீடென்றால், விலை வித்தியாசம் சில நூறு டொலர்தான் என்றால், டூ ஸ்டேஜ் எடு. சத்தம் குறையும், சூடு சீராகப் பரவும். ஸ்டேஜ் கூடுவதால் கேஸ் பில் பெரிதாகக் குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரு. டூ ஸ்டேஜ் வாங்கினால் அதற்குத் தகுந்த தெர்மோஸ்டாட்டும் வயரும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது ஸ்டேஜ் வெறும் நேரக் கணக்கில்தான் வேலை செய்யும். காற்றாடிக்கு ஈசிஎம் மோட்டர் இருக்க வேண்டும். கரண்ட் குறைவாக எடுக்கும். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் அதுதான்.

பெயரைப் பற்றி நம் ஆட்கள் கல்யாண வீட்டில் நின்றும் சண்டை பிடிப்பார்கள். குட்மன், அமானா இரண்டும் 2012இலிருந்து ஜப்பானின் டைகின் குடும்பம். கரியர், பிரையன்ட், கீப்ரைட், டெம்ப்ஸ்டார் எல்லாம் ஒரே குடும்பம். றீமும் ரூடும் ஒன்று. நெப்போலியன் நம் ஒன்ராறியோவின் பாரியில் இருக்கிற கம்பனி. ஒரே குடும்பத்தில் விலை கூடிய பெயருக்கும் குறைந்த பெயருக்கும் இடையில் நீ கொடுக்கிற காசில் ஒரு பகுதி பெட்டியின் நிறத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. பட்ஜெட் பார்க்கிறவள் நீ, குறைந்த பெயரை எடுத்துவிட்டு மிச்சக் காசை நல்ல ஆளுக்குக் கொடு. நல்ல பெயர்ப் பெட்டியைக் கெட்ட கை பொருத்தினால் ஐந்தாம் வருடமே அழ வைக்கும்.

வாரண்டியில் மூன்று வேறு வேறு சங்கதி இருக்கிறது. பாகங்களுக்குப் பெரும்பாலும் 10 வருடம், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு அதைவிட நீளம், சிலது ஆயுள்காலம். வேலைக்கூலி கம்பனி வாரண்டியில் வராது. அது பொருத்துகிறவர் தருவது. அதனால் கொட்டேஷனில் 'லேபர்' எத்தனை வருடம் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். போர்டு இலவசமாக வந்தாலும் அதை மாற்ற வருகிறவன் இலவசமாக வரமாட்டான்.

ஆளைப் பார்ப்பது

ஒன்ராறியோவில் கேஸ் வேலையை மேற்பார்வை செய்கிற அமைப்பு டி.எஸ்.எஸ்.ஏ. பொருத்துகிற கம்பனி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், வருகிற ஆளிடம் கேஸ் ரெக்னீஷியன் கார்ட் இருக்க வேண்டும். ஜி2 அல்லது ஜி1 என்றால் தனியாக வேலை செய்யலாம். ஜி3 என்றால் மேற்பார்வையில்தான். "கார்டைக் காட்டுங்கோ அண்ணை" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஒழுங்கான ஆள் பொக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். தெரிந்த பையன், சொந்தக்காரர், காசாகக் கொடுத்தால் வரி இல்லை என்பதெல்லாம் பூச்சு வேலைக்குப் பரவாயில்லை. நெருப்பு விஷயத்தில் வேண்டாம். காகிதம் இல்லாத வேலைக்கு வாரண்டியும் இல்லை, நாளைக்கு ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரனும் கேட்பான்.

கொட்டேஷனைத் திருப்பி அனுப்பி, இவ்வளவும் எழுதித் தரச் சொல்: முழு மொடல் எண், இன்புட் அவுட்புட், குழாய் வேலை, மேலே இருக்கிற தகரப் பெட்டியைப் புதிய ஃபர்னஸின் அகலத்துக்கு மாற்றுவது, வடிகால் அல்லது பம்ப், சிம்னி லைனர், தெர்மோஸ்டாட், பழையதை எடுத்துப் போவது, 13 சதவீத எச்எஸ்டி உள்ளா வெளியா. 'ஃபர்னஸ் 96%, பொருத்துவது உட்பட' என்று ஒற்றை வரியில் எழுதுகிறவனோடு கதைக்கவே தேவையில்லை.

மொடல் எண் கையில் இருந்தால், மூன்று பேரின் விலையும் ஒரே பொருளுக்கா என்று ஒப்பிடலாம்.

கதவு தட்டுகிறவர்களும் வாடகையும்

புது வீட்டுக்குப் போனதும் கிளிப்போர்டோடு யாராவது வருவார்கள். "அரசாங்கத் திட்டம் அம்மா, உங்கட ஃபர்னஸ் பழசு, பார்க்கவேணும்" என்று தமிழிலேயே கதைப்பார்கள். ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், நீ கூப்பிடாமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, தண்ணித் தாங்கி, தண்ணி பில்டர் போன்றவற்றை விற்பதும் வாடகைக்கு எழுதுவதும் தடை. அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. பேஸ்மெண்டுக்கு விடாதே, கேஸ் பில்லைக் காட்டாதே. நீயே கூப்பிட்டு வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டாலும், பிரதி கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

வாடகை பற்றி அத்தான் உன்னோடு வாதாடினது எனக்குத் தெரியும். "கையில காசு போகாது, பழுதானா அவங்களே பார்ப்பாங்கள்" என்பார். மாதம் 100 டொலர் என்று வைத்தால் 10 வருடத்தில் 12,000. வருடாவருடம் கூட்டுகிற விதி ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கும் மேல். நேரே வாங்கினால் 5,000 டொலரில் முடிகிற வேலை என்று வைத்துப் பார், வித்தியாசத்தில் ஒருமுறை முழுக் குடும்பமும் யாழ்ப்பாணம் போய் வரலாம். ஒருமித்துக் காசு இல்லை என்றால், வங்கியில் வீட்டை ஈடுவைக்கிற 'லைன் ஆஃப் கிரெடிட்'டில் எடுத்து மூன்று வருடத்தில் கட்டினாலும் இதைவிட மலிவு.

இன்னொரு வில்லங்கம், வாடகைக் கம்பனிகள் வீட்டு நிலப் பதிவில் தங்கள் பெயரைப் பதிந்து வைத்துவந்தன. வீட்டை விற்கவோ மோட்கேஜ் மாற்றவோ போகும்போதுதான் அது தெரியவந்தது, எடுப்பிக்க ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். வயதானவர்கள் பலர் இதில் மாட்டினார்கள். 2024 ஜூனில் ஒன்ராறியோ அரசு, வீட்டு உபயோகப் பொருட்களுக்காக இப்படிப் பதிவதைத் தடை செய்துவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தம் அதனால் இல்லாமல் போகாது. நீ வீடு வாங்கிய ஒப்பந்தத்தில் வாடகைப் பொருட்கள் என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறது? தண்ணித் தாங்கி மட்டுமா, ஃபர்னஸுமா? ஃபர்னஸும் வாடகை என்றால், கழற்ற முதல் அந்தக் கம்பனியிடம் கணக்கை முடித்து எழுத்தில் வாங்கு.

உண்மையில் இப்போதே மாற்ற வேண்டுமா?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பாய். பழையது ஓடுகிறதென்றால் தை மாதத்தில் அவசரப்பட்டு மாற்றாதே. சித்திரை, வைகாசியிலோ, குளிர் தொடங்க முன் புரட்டாசியிலோ கேட்டால் அவர்களுக்கும் நேரம் இருக்கும், விலையும் பேசலாம், ஆறுதலாக அளந்தும் பார்ப்பார்கள். 15, 20 வருடம் ஓடியது என்பது மாற்ற யோசிக்கிற வயது. அதற்காக அன்றைக்கே தூக்கி எறிய வேண்டும் என்றில்லை.

ஃபர்னஸ் பற்றி எரிந்து, சில விநாடியில் அணைந்து, திரும்பப் பற்றி அணைந்தால், பெரும்பாலும் நெருப்பை உணர்கிற மெல்லிய கம்பியில் வெள்ளைப் படலம் படிந்திருக்கும். ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றிக் கம்பியைத் தேய்த்துத் துடைத்தால் சரியாகிற வேலை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதற்கே வந்தவர் 'ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடித்துவிட்டது, புதுசுதான்' என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்தவர் கம்பியைத் துடைத்துவிட்டுப் போனார், அந்த ஃபர்னஸ் இன்னும் ஓடுகிறது. எக்ஸ்சேஞ்சர் வெடிப்பு உண்மையிலேயே ஆபத்து, அதில் விளையாடக் கூடாது. ஆனால் வெடிப்பைப் படமாகவோ வீடியோவாகவோ காட்டச் சொல். காட்டினால் மாற்று. காட்டத் தெரியாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடு.

ஏசியும் பழசு என்றால் ஒரு கேள்வி கூடக் கேட்டுப் பார்: ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் வைத்தால் எவ்வளவு? கோடையில் குளிராக்கும், இலையுதிர் காலக் குளிருக்கும் சூடு தரும், கடுங்குளிருக்கு மட்டும் ஃபர்னஸ் எரியும். இப்போது ஒன்ராறியோவில் சலுகைப் பணம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய திட்டம் ஹீட் பம்ப், இன்சுலேஷன், ஜன்னல் போன்றவற்றுக்கு. மத்திய அரசின் பழைய மானியம் 2024 தொடக்கத்திலேயே புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. கேஸ் ஃபர்னஸுக்கு 'அரசு ரிபேட்' என்று யாராவது சொன்னால் எந்தத் திட்டம் என்று பெயர் கேள்.

பொருத்தும்போதும் பிறகும்

இரண்டு குழாய் வைக்கச் சொல், ஒன்று புகைக்கு, ஒன்று வெளிக்காற்றை உள்ளே எடுக்க. ஒற்றைக் குழாய் என்றால் எரிய வேண்டிய காற்றை அந்த அறையிலிருந்தே இழுக்கும். நம் வீட்டு ஃபர்னஸ் அறையில் அரிசி மூட்டை, சூட்கேஸ், கொலு வைக்கிற பெட்டி என்று கூரை வரை அடுக்கியிருக்கும், காற்று வர வழியிராது. பேஸ்மெண்டை வாடகைக்கு விடுகிற யோசனையும் உனக்கு இருக்கிறது, அங்கே படுக்கிறவர்களையும் நினை. வெளியே அந்தக் குழாய்கள் சுவரில் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று நீ போய் நின்று காட்டு. இரண்டு வீட்டுக்கும் இடையிலான ஒடுங்கிய பாதையில், ஸ்னோவை வழித்துக் குவிக்கிற இடத்திலேயே தாழ்வாக வைத்துவிட்டுப் போவார்கள். குழாய் வாய் மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடும், அதுவும் புயல் இரவில்தான் நிற்கும்.

கார்பன் மொனாக்சைட் அலாரம் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் வை. பேஸ்மெண்டை மறந்துபோகாதே.

ஃபர்னஸின் காற்று பில்டர் விஷயத்தில் நீ விலை கூடியதை வாங்குவாய் என்று தெரியும். மேர்வ் என்பது அது எவ்வளவு நுணுக்கமாக வடிக்கிறது என்ற எண். ஒரு அங்குலத் தடிப்பில் மேர்வ் 13 போட்டால் காற்றுத் தடைப்படும். மேர்வ் 8 போதும், அடிக்கடி மாற்று. மிளகாய் வறுத்து, கருவாடு பொரித்து, தாளிதம் போடுகிற வீட்டில் பெட்டியில் எழுதியிருக்கிற மூன்று மாதக் கணக்கு சரிவராது. எண்ணெய்ப் புகை பில்டரில் பிசினாக ஒட்டும். மாதம் ஒருமுறை இழுத்துப் பார், வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை என்றால் மாற்று. சமைக்கும்போது வெளியே தள்ளுகிற ஹூட்டைப் போடு. கேஸ் அடுப்புக்கு அது எப்படியும் வேண்டும்.

கடைசியாக, பொருத்திய கையோடு சீரியல் எண்ணைக் கம்பனியின் இணையதளத்தில் நீயே பதிவு செய். பல கம்பனிகள் 60 நாள், சிலது 90 நாள் தருகின்றன. தவறவிட்டால் 10 வருட வாரண்டி 5 வருடமாகச் சுருங்கும். "நாங்கள் பதிவு செய்வம்" என்று பொருத்துகிறவர் சொன்னாலும் நம்பியிருக்காதே. பதிவு உறுதியான மெயிலை எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடு, உன் இன்பாக்ஸில் பத்தாயிரம் மெயில் திறக்காமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.